பதினொன்றுக்கு ஒன்று குறைவு

என் மகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே எண் வந்துவிட்டது. பன்னிரண்டு இலக்கம். அதை முழுவதும் இங்கே எழுத மாட்டேன். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் சொல்கிறேன், எழுபத்திரண்டு. இந்தக் கதைக்கு அது போதும்.

பிறந்த மூன்றாம் நாள் வார்டில் தடுப்பூசிப் பதிவுக்கான அந்த எண்ணை அச்சிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். பஸ் டிக்கெட் போல வழவழப்பான காகிதம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்களில் மூக்கு யார் சாயல், காது யார் சாயல் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த எண்ணைப் பதினொன்றால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

அது வேலைப் பழக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, கர்ப்பத்தின் ஏழாம் மாதம் வரை எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் எண் பதிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியின் எண்ணிலும் கடைசி இலக்கத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டிருக்கும். முன்னால் உள்ள எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் ஒவ்வொரு மதிப்பு வைத்துக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதி அது. ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலோ அந்த மீதி பொருந்தாது. திரை சிவப்பாகி, பெட்டியை உள்ளே விடாது.

குழந்தையின் எண்ணுக்கு வலது பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினேன். ஒற்றை இடங்கள் இருபத்தெட்டு. இரட்டை இடங்கள் பதினேழு. வித்தியாசம் பதினொன்று. அப்படியானால் முழு எண்ணும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். இரண்டையும் கூட்டினால் நாற்பத்தைந்து, ஆகவே ஒன்பதாலும் வகுபடும். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த எண்ணில் சரிபார்க்கும் இலக்கம் எதுவும் கிடையாது. பதினோரு குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படி அமையத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், திரை பச்சையாகிவிட்டது போலக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டேன்.

நான்காம் வாரம் தடுப்பூசி அட்டையின் மேல் கிரைப் வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பேனாவால் எழுதியதெல்லாம் நீலமாகக் கரைந்து ஓடியது. எங்கள் தெருவுக்கு வரும் சுகாதார நிலைய நர்ஸம்மா புது அட்டை கொடுத்தார்.

"நீயே எழுதிக்கோம்மா. நான் எழுதுனா அப்பறம் எனக்கே படிக்கத் தெரியாது."

வழவழப்புச் சீட்டைப் பார்த்து நானே எழுதினேன். தெளிவாக, ஒவ்வொரு இலக்கத்துக்கும் இடம் விட்டு. பழைய அட்டையைக் குப்பையில் போட்டேன். எழுதிய பிறகு ஒருமுறைகூட அதை வகுத்துப் பார்க்கவில்லை. ஒருமுறை வகுத்தாகிவிட்டதே என்று விட்டுவிட்டேனா, அல்லது குழந்தை அழுததா, நினைவில்லை.

புதன்கிழமைதான் ஊசி நாள். ஆறாம் வாரம் போட்டோம். நர்ஸம்மா அட்டையைப் பார்த்து டேப்லெட்டில் எண்ணை அடித்தார். எடை நான்கு கிலோ முன்னூறு. இரண்டு தொடையிலும் ஊசி, வாயில் சொட்டு. அடுத்த சனிக்கிழமை என் போனுக்குச் செய்தி வந்தது. உங்கள் குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி இன்னும் போடப்படவில்லை.

துணியை விலக்கித் தொடையைப் பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் சின்னக் கடினம் விரலுக்குத் தட்டுப்பட்டது. கடலைப் பருப்பு அளவு. செய்தியைப் படித்தேன். மறுபடியும் தொடையைத் தொட்டேன்.

என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். குளித்த பிறகும் சட்டையில் கந்தக வாடை இருக்கும். அவரிடம் செய்தியைக் காட்டினேன்.

"உங்க யார்டு பொட்டிக்கு ஏதோ செக் டிஜிட்டுன்னு சொல்லுவியே, புள்ளைக்கு அது கெடையாதா?"

"கிடையாது."

"அப்ப பொட்டி மாறிப்போனா கண்டுபுடிச்சிருவாங்க. புள்ள மாறிப்போனா இன்னாமே பண்ணுவாங்க?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார். நான் அன்று இரண்டு முறை மகளின் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தைப் பார்த்தேன். இருந்தது.

பத்தாம் வாரப் புதன்கிழமை நர்ஸம்மாவிடம் செய்தியைக் காட்டியபோது அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். "மெசேஜ் எல்லாம் அவன் இஷ்டத்துக்கு வரும்மா. இதப் பாரு, ஏறிகீது. நாலு முன்னூறு." அட்டையில் இருந்த அதே எண். என் பெயர். பெண் குழந்தை. ஆறாம் வாரம் போட்டாகிவிட்டது. அதற்குக் கீழே இருந்ததை அவர் கட்டைவிரல் மறைத்தது. என் பெயர் இந்தப் பக்கத்தில் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்றுதான் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். வெளி வராந்தாவின் கடைசி பெஞ்சில், கையில் குழந்தை இல்லாமல், பிளாஸ்டிக் கவரில் போட்ட அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். குழந்தையை வேறு யாரோ உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் ஊசி போட்டு வெளியே வந்தபோது அவள் போன் ஒருமுறை மணி அடித்தது. அதைப் படித்தாள். தலையை நிமிர்த்தி என் மகளின் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பதினான்காம் வாரமும் அதே பெஞ்ச், அதே கவர். உள்ளே நர்ஸம்மா எடையை அடித்தார், ஐந்து எண்ணூறு. வெளியே வந்தேன். மணி. அவள் படித்தாள், பார்த்தாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தேன். வீட்டுக்கு வந்து கன்னத்தில் மை வைத்தேன். படித்தவள் செய்கிற காரியமா என்று அழித்தேன். பிறகு உள்ளங்காலில் வைத்தேன், அங்கே யாருக்கும் தெரியாதே என்று.

அதன் பிறகு ஒன்பதாம் மாதம் வரை ஊசி இல்லை. ஆனால் செய்திகள் வாரம் தவறாமல் வந்தன. ஆறாம் வாரம் போடப்படவில்லை. பத்தாம் வாரம் போடப்படவில்லை. பதினான்காம் வாரம் போடப்படவில்லை. என் மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், இரண்டு பல் முளைத்தது. போனில் அவள் ஊசியே போடாத, எடையே இல்லாத ஒரு குழந்தையாக இருந்தாள்.

ஒரு நாள் மதியம் அவள் தூங்கும்போது அட்டையை எடுத்து வகுத்தேன். தெருவில் வாயு வாடை அடித்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தேன். ஒற்றை இடங்கள் முப்பத்துமூன்று. இரட்டை இடங்கள் பன்னிரண்டு. வித்தியாசம் இருபத்தொன்று. பதினொன்றால் வகுத்தால் மீதி பத்து.

மறுபடியும் கூட்டினேன். மீதி பத்து. நேராக நீண்ட வகுத்தல் போட்டேன். மீதி பத்து. இன்னும் ஒன்று இருந்தால் வகுபட்டிருக்கும். ஒன்று குறைந்தது.

வார்டில் நான் கண்டது இருபத்தெட்டும் பதினேழும். இப்போது முப்பத்துமூன்றும் பன்னிரண்டும். எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தைந்துதான். ஆகவே இலக்கங்கள் மாறவில்லை, வரிசை மாறியிருக்கிறது. ஒன்பதுக்கு வரிசை தெரியாது, பதினொன்றுக்குத் தெரியும். ஓர் ஐந்து இரட்டைப் பக்கத்திலிருந்து ஒற்றைப் பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஐந்து வித்தியாசத்தில் நிற்கும் இலக்கங்கள் எங்கே என்று தேடினேன். ஒரே இடம்தான். கடைசியில். அட்டையில் நான் எழுதியிருந்தது இருபத்தேழு. அது எழுபத்திரண்டாக இருந்திருக்க வேண்டும்.

சீட்டைத் தேடி எடுத்தேன். அந்த வகைக் காகிதம் வெயில் பட்டால் வெளுக்கும் என்று தெரியும். அலமாரிக்குள் வைத்தாலும் வெளுக்கும் என்று தெரியாது. அதில் எதுவுமே இல்லை. விளக்குக்கு நேரே பிடித்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

எழுபத்திரண்டில் இருபத்தேழு போனால் நாற்பத்தைந்து. இலக்கங்களைக் கூட்டினாலும் நாற்பத்தைந்து. இந்த இரண்டு நாற்பத்தைந்துக்கும் சம்பந்தம் கிடையாது, தற்செயல். யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அறையில் எனக்கு அது ஒரு நடைவழி மாதிரி தெரிந்தது. நாற்பத்தைந்து கட்டில். இந்தக் கோடியில் நான். அந்தக் கோடியில், எனக்கு இரண்டு நாள் முன்னால் பெற்ற யாரோ ஒருத்தி. என் மகளுக்குப் போட்ட ஊசியெல்லாம் அந்தக் கட்டில் குழந்தையின் பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு? போட்டாகிவிட்டது என்று இருக்கும்போது யார் கூப்பிட்டுப் போடுவார்கள்? நான் எழுதிய இரண்டு இலக்கத்தால் ஒரு குழந்தை ஊசி இல்லாமல் இருக்கிறதா?

அடுத்த நாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சுகாதார நிலையத்தின் கேட் வரை போனேன். மூன்று நாள் தூங்காதவள் மனக்கணக்காகப் போட்டதை நம்பி என்னவென்று சொல்வது? வார்டில் நான்தான் தப்பாகக் கூட்டினேனோ? பதிவில் இல்லை என்றால் முதலிலிருந்து எல்லா ஊசியும் மறுபடி போடச் சொன்னால்? கேட்டிலிருந்தே திரும்பிவிட்டேன். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். தள்ளியது தப்பு.

அந்தப் புதன்கிழமை சீக்கிரமே போனேன். நர்ஸம்மா இன்னும் வரவில்லை. கடைசி பெஞ்சில் அவள் மட்டும் இருந்தாள். திரும்பிவிடலாமா என்று நான் நிற்கும்போதே நகர்ந்து இடம் விட்டாள்.

"இன்னிக்கி அம்ம ஊசி தானேக்கா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெசேஜ் வந்துகீது." போனைக் காட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஒம்போது மாசம் முடிஞ்சிடுச்சாம். புதங்கெழம இட்டுனு வரச் சொல்லிகீறாங்க."

"உங்க குழந்தை எங்கே?"

அவள் கவரிலிருந்து அட்டையை எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கையெழுத்து. உள்ளே ஊசிக் கட்டங்கள் எல்லாம் வெறுமை. பிறந்த எடை என்ற இடத்தில் இரண்டு புள்ளி ஏழு. மேலே பன்னிரண்டு இலக்கம். கடைசி இரண்டு, இருபத்தேழு. தாய் பெயர் என்ற இடத்தில் என் பெயர், அவளுக்கும் அதே பெயர்.

"எட்டாம் நாளு பூட்சிக்கா," என்றாள். "வூட்ல தான். பால் குடிச்சினே இருந்துச்சு. எங்காளுங்க எட்துனு போய்ப் பொதச்சிட்டாங்க. யாரும் எங்கயும் எழுதித் தரல. கடலுக்குப் போறவங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்."

நான் என் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறினாள்.

"ஆறாவது வாரம் மெசேஜ் வந்துச்சு. உங்க கொழந்தைக்கு ஊசி போட்டாச்சு, எடை நாலு கிலோ முன்னூறுன்னு. போன கீழ போட்டுட்டேன். எங்க வூட்டுக்காரு இன்னாடின்னாரு. போனு கம்பெனிக்காரன்னு சொல்ட்டேன். அதுலயே அட்த்த தேதி இருந்துச்சு. வந்து குந்திப் பாத்தேன். நீ வெளிய வர சொல்லோ என் போனு அட்ச்சுது."

"அப்பவே நர்ஸம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திடுவாங்க இல்ல." அட்டையைக் கவருக்குள் ஒழுங்காகத் தள்ளினாள். "வளந்துகினே கீதுக்கா. அஞ்சு நூறு. அஞ்சு எண்ணூறு. நா இன்னா பண்ண? உம்புள்ளன்னு தெரியும். எம்புள்ளய நானே குளிப்பாட்டி அனுப்சேன். எனக்குப் பைத்தியம் இல்ல."

"நான் இன்னைக்குச் சொல்லணும்," என்றேன். "என் பொண்ணு பேர்ல ஒரு ஊசிகூட இல்ல."

"சொல்லு. சொல்லத்தான் வேணும்." என் மகளின் காலை, நான் மை வைத்திருந்த உள்ளங்காலை, ஒரு விரலால் தொட்டாள். "எடை போட்ட பின்னால சொல்லுக்கா. ஒன்னே ஒன்னு வரட்டும்."

யார்டில் தப்பு என்று தெரிந்து ஒரு எண்ணை அடித்தால் வேலை போகும். நான் அங்கே ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை.

நர்ஸம்மா வந்தார். "இன்னாம்மா, ஃபர்ஸ்ட் நீயா? பல்லு மொளச்ச ஆளு இங்க யாரு?" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். அட்டையை வாங்கி எண்ணை அடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு என்று முடிந்தது. வாய் திறக்கவில்லை.

மகளைத் தராசுத் தட்டில் உட்கார வைத்தேன். சிவப்பு இலக்கங்கள் ஓடி நின்றன. ஏழு புள்ளி இரண்டு.

அவள் அட்டையில் இருந்த பிறந்த எடை இரண்டு புள்ளி ஏழு. அதையே திருப்பிப் போட்டது போல. தட்டிலிருந்து அவளைத் தூக்கப் போனேன்.

"கைய வைக்காதம்மா, அசங்குது." நர்ஸம்மா என் கையைத் தட்டிவிட்டார். மகள் தராசின் ஓரத்தைப் பிடித்து ஒரு குதி குதித்தாள். இலக்கம் கலைந்து, ஏறி இறங்கி, மறுபடி நின்றது. ஏழு புள்ளி மூன்று. எழுபத்துமூன்று பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. மூச்சு விட்டேன். ஒரு எடை பகா எண்ணாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

நர்ஸம்மா எடையை அடித்தார். ஊசி போட்டார். மகள் வீறிட்டாள். அந்த அழுகைக்கு நடுவிலும் வராந்தாவில் மணி அடித்தது எனக்குக் கேட்டது.

"நர்ஸம்மா," என்றேன். "அட்டையில நம்பர் தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் முதலில் நம்பவில்லை. என் போன் நம்பரைப் போட்டுத் தேடினார். எழுபத்திரண்டில் முடியும் எண் வந்தது. என் பெயர், என் கணவர் பெயர், எங்கள் தெரு. கீழே ஒன்றுமே இல்லை.

"பி.எஸ்சி. படிச்ச பொண்ணுன்னு நம்பி எழுதச் சொன்னேன் பாரு," என்றார். பிறகு, "நானும் பேரைப் பாத்துட்டு வுட்டுட்டேன். அப்பன் பேரைப் பாத்துருக்கணும்" என்றார். ஊசியெல்லாம் மறுபடி போட வேண்டியதில்லை, ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. புது அட்டை எடுத்து இந்த முறை அவரே எழுதினார். எழுதி முடித்ததும் நான் வாங்கி, வலது பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினேன். இருபத்தெட்டு. பதினேழு.

"இன்னாம்மா வாய் முணுமுணுக்குது? மந்திரமா?"

"சரியா இருக்கு நர்ஸம்மா."

"அப்ப இந்த இருபத்தேழு யாருது? அந்தப் புள்ளைக்கு ஊசி போடலியே, அத முதல்ல புடிக்கணும்."

நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அவள் அங்கே வந்து நின்றிருந்தாள், கூப்பிடாமலே. கவரை நீட்டினாள். நர்ஸம்மா அட்டையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், குழந்தை எங்கே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் ஸ்டூலை நகர்த்தினார். "உக்காரும்மா." நான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் காத்திருந்தேன். உள்ளே நர்ஸம்மாவின் குரல் மெதுவாகத் தேதி கேட்பதும் அவள் சொல்வதும் கேட்டன. அவள் வெளியே வந்தபோது அவள் போன் அடிக்கவில்லை. மூடுகிற பதிவுக்குச் செய்தி வராது போலிருக்கிறது.

பெஞ்சருகே நின்று போனை எனக்குக் காட்டினாள். கடைசிச் செய்தி. உங்கள் குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போடப்பட்டது. எடை ஏழு புள்ளி மூன்று.

"இதுல ரெண்டு ஏழு எங்குளுதுக்கா," என்றாள். சண்டையாக இல்லை, ஞாபகப்படுத்துவது போல. செருப்பை மாட்டிக்கொண்டு கடல் பக்கம் போனாள்.

நான் நெடுஞ்சாலை ஓரமாக வீட்டுக்கு நடந்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணும் அதன் கடைசிக் கட்டமும். அன்று எதையும் வகுக்கவில்லை. கழித்துத்தான் பார்த்தேன். ஏழு மூன்றில் இரண்டு ஏழு போனால் நான்கு ஆறு. அழுது ஓய்ந்து மகள் என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். தூங்கும் குழந்தை கனக்கும். இடுப்புக்கு மாற்றினேன், மறுபடி தோளுக்கு மாற்றினேன். எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு பகுதி என்னுடையது இல்லாத கனமாகவே இருந்தது. இறக்கி வைக்க மனம் வரவில்லை. வீடு வரை தூக்கிக்கொண்டே போனேன்.